மோட்டார் இல்லாத குட்டைக்கும் ஆள் வேண்டும்

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்துவிட்டால், வந்த தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அன்றைக்கே சாக்கடையாக வெளியேறும். திட்டம் போடுகிறவர்கள் அனைவரும் இதை அறிவார்கள். ஆனாலும் தண்ணீரைக் கொண்டுவருவதற்கு ஒதுக்கும் பணமும் அக்கறையும் அதை வெளியேற்றுவதற்குக் கிடைப்பதில்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தது. சென்னையை ஒட்டிய கிராமங்களில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. வீட்டில் போர் போட்டவர்களும், மாடியில் தொட்டி வைத்தவர்களும், வாஷிங் மெஷின் வாங்கியவர்களுமாகச் சேர்ந்து ஆளுக்கு நூறு லிட்டர் வரை செலவழிக்கிறார்கள்.

நான் பொதுப்பணித் துறையில் ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று காலம் கழித்து ஓய்வு பெற்று, தாம்பரத்தில் குடியிருப்பவன். வண்டலூருக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரிலும் அதை ஒட்டி முளைத்த மனைப்பிரிவிலும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். அவர்களுடைய கழிவுநீர் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயில் கலந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு வழி சொல்லும்படி ஊராட்சித் தலைவரம்மா என் பழைய சக ஊழியர் ஒருவர் மூலம் கேட்டு அனுப்பினார். குட்டைகள் வெட்டப்பட்ட காலத்திலும் அவை ஓடத் தொடங்கிய பிறகும் அந்த ஊரோடு என் தொடர்பு நீடிக்கிறது. இதே யோசனையில் இருக்கும் வேறு ஊராட்சிகளுக்கும், மனைப்பிரிவுச் சங்கங்களுக்கும் பயன்படலாம் என்று அங்கே கண்டதை எழுதுகிறேன்.

முதலில் பேச்சுக்கு வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைப்பதுபோன்ற ஒரு சிறிய எஸ்.டி.பி. என்ற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்தான். அதற்கு இடம் குறைவாகப் போதும். விற்பவர்கள் ஓடி வருவார்கள். திறப்பு விழாவுக்கும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதன் உயிர் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயரில் இருக்கிறது, புளோயரின் உயிர் ஈ.பி. இணைப்பில் இருக்கிறது. வசதியுள்ள குடியிருப்புகளிலேயே கரண்ட் பில்லுக்கு அஞ்சி இரவில் புளோயரை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் கடந்த பிறகு புறநகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று நின்ற தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மடிந்துவிட்டால், அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வாரங்கள் பிடிக்கும். இந்த ஊருக்கு வாய்த்த நல்லூழ், ஊராட்சியின் பெயரில் பள்ளமான ஓர் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் இருந்தது. எனவே வெயிலும் பாசியும் வேலை செய்யும் குட்டைகளே போதும் என்று முடிவாயிற்று. ‘கரண்ட் பில் இல்லை, மோட்டார் இல்லை’ என்று நான் சொன்னதைக் கூட்டத்தில் இருந்தவர்கள் ‘செலவே இல்லை, ஆளே வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த முறையில் அமைந்து பாழான குட்டைகள் பலவற்றை நான் பார்த்தவரையில், அவை பாழானதற்குக் காரணம் இந்த ஒரு நினைப்புதான். மின்சாரத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிலத்துக்கும் ஒரு மனிதரின் கவனத்துக்கும் கொடுக்கிறோம் என்பதே உண்மையான கணக்கு.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பேரம் எல்லாம் அதில்தான் நடக்கும். கழிவின் வலிமையைப் பி.ஓ.டி. என்ற அளவால் குறிக்கிறார்கள்; அது கழிவைச் செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. ஆளுக்கு நாளொன்றுக்கு 45 கிராம் என்று வைத்தால் ஆயிரம் பேருக்கு 45 கிலோ. பாசி வளரும் குட்டை ஒன்று எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது அங்கே விழும் வெயிலைப் பொறுத்தது. நடுவணரசின் கழிவுநீர்க் கையேடு 12 பாகை அட்சரேகைக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 300 கிலோ என்றும், 16 பாகைக்கு 275 கிலோ என்றும் சொல்கிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏறத்தாழ 300 என்று கொண்டால் 45 கிலோவுக்கு 1,500 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு வேண்டும். நம் வழக்கில் 37 சென்ட். அதற்கு முன்னால், காற்றுப் புகாத ஆழத்தில் கழிவு புளித்துச் செரிப்பதற்கு மூன்று மீட்டர் ஆழமுள்ள சிறிய குட்டை ஒன்று வைத்தோம். நாளொன்றுக்கு வரும் 80 கனமீட்டர் நீர் அதில் இரண்டு நாள் தங்கும். நம் ஊர் வெப்பத்தில் இந்த முதல் குட்டையே பாதிச் சுமைக்கு மேல் தின்றுவிடும் என்பதால் இரண்டாம் குட்டையைப் பாதியாகக் குறைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் வாதிட்டார். நான் ஒப்பவில்லை. முதல் குட்டையில் கசடு எடுக்கும் நாட்களில் முழுச் சுமையும் அடுத்ததன் மேல்தான் விழும். ஆகவே 1,500 சதுர மீட்டரைக் குறைக்காமல், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 750, 750 என்று இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கடைசியாக ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை. எல்லாம் சேர்த்து நீர்ப்பரப்பு 60 சென்ட். உள்ளே வரும் நீர் வெளியே போக ஏறத்தாழ நாற்பது நாட்கள் ஆகும்.

இந்த முறை புதியதும் அல்ல, ஏழை நாடுகளுக்காக யாரோ எறிந்த மிச்சமும் அல்ல. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மேடக் என்ற சிற்றூர் 1948-இலேயே இதற்கென்று திட்டமிட்டுக் குட்டை வெட்டியது. அங்கெல்லாம் பனிக்காலத்தில் குட்டை உறைந்துவிடும். மாதக்கணக்கில் நீரைத் தேக்கி வைத்திருந்து பனி உருகிய பிறகு வெளியே விடுவார்கள். நமக்கு உறைபனி இல்லை. அதனிடத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுமானத்தில் மூன்று இடங்களில் ஏமாற்றம் நேரும். களிமண் போர்வை ஒன்று. அடியிலும் உட்சரிவிலும் களிமண்ணை மெல்லிய படலம் படலமாகப் பரப்பி, ஈரத்தோடு ரோலர் போட்டு அழுத்த வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே ஒருமுறை ரோலரை ஓட்டிவிட்டால் பக்கத்துக் கிணறுகளில் விளைவு தெரியும். குழாய் வாயும் வெளிவாயும் இருக்கும் இடம் இன்னொன்று. உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்தால் புதுக் கழிவு குறுக்கு வழியில் ஓடி, மற்ற மூலைகள் அசையாமல் கிடக்கும். நாற்பது நாள் என்று காகிதத்தில் இருப்பது நான்கு நாளாகிவிடும். சென்னைப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். மேலே மிதப்பதெல்லாம் மேற்குக் கரையில் ஒதுங்கும். வெளிவாயை அங்கே வைக்காமல் இருப்பது நல்லது. அதை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழிருந்து நீர் எடுக்கும்படி அமைத்தால் மேற்பரப்பில் திரளும் பாசி அவ்வளவாக வெளியேறாது.

மூன்றாவதுதான் எங்களை உண்மையில் பாடாய்ப் படுத்தியது. அது நீர் கரையைத் தொடும் கோடு. வரைபடத்தில் அந்தக் கோட்டில் கல் பதிக்கச் சொல்லியிருந்தது. ஒப்பந்தக்காரர் அதை விட்டுவிட்டுக் கரையில் புல் பதித்துப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் புல் வளர்ந்து நீருக்குள் சரிந்து விழுந்தது, அதன் நிழலில் சம்பு முளைத்தது, அந்த நிழலில் கொசு முளைத்தது. கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ஆழமான திறந்த நீர் பிடிக்காது. காற்றும் அலையும் அதன் புழுக்களை அலைக்கழிக்கும். புல்லுக்குள் ஒடுங்கிய அசையாத நீர் அதற்கு மாளிகை. மருந்து அடித்தும் பயனில்லை. கடைசியில் கல் அறுக்கும் பட்டறைகளில் ஒதுக்கிப் போட்டிருந்த கடப்பைக் கல் துண்டுகளை லாரியில் கொண்டுவந்து, நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலும் ஒரு முழம் கீழுமாக நான்கு குட்டைகளிலும் பதித்தோம். கொசு குறைந்தது. கொசுப் புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டுப் பார்த்தோம். கடைசிக் குட்டையில் நிலைத்தது, பாசிக் குட்டைகளில் நிலைக்கவில்லை, ஏனெனில் விடியலில் அங்கே ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமல் போய்விடுகிறது. அந்த மீனை ஊர் ஏரியில் விடக் கூடாது. நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தின்றுவிடும்.

கரையில் மரம் நடலாமே என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. இந்தக் குட்டைக்கு வெயிலும் காற்றும்தான் மோட்டார். நிழல் விழுந்தால் பாசி குன்றும். சீமைக் கருவேலம் போன்றவை முளைத்தால் வேர் கரையைத் துளைக்கும். நண்டு வளையும் எலி வளையும் அதே வேலையைச் செய்யும். ஏரிக்கரையில் எதைப் பார்த்துப் பார்த்து அடைத்தோமோ, அதை இங்கேயும் அடைக்க வேண்டும்.

குட்டையை ஓட்டத் தொடங்கும்போது அவசரம் உதவாது. பாசிக் குட்டைகளை முதலில் நல்ல தண்ணீரால் நிரப்பி, அது பச்சை பிடிக்கும்வரை இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதன் பிறகே கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முதல் குட்டைக்கு மாறாக, செரிமானம் தொடங்குவதற்குப் பழைய செப்டிக் டேங்க் கசடு சிறிது வேண்டும். வெறும் குட்டையில் நேராகக் கழிவை விட்டால் நாறும். நாறிய குட்டையை ஊர் மன்னிக்காது.

யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழுந்த கூட்டத்தில், எந்தத் தெருவிலிருந்து ஆள் வர வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தமிழ்நாட்டில் கழிவுநீர் என்றாலே இந்தக் கேள்வி வந்து உட்காரும். தலைவரம்மா அதை நேராகவே உடைத்தார். “இது சாக்கடை அள்ற வேலை இல்ல. குட்டையைப் பாத்துக்கிற வேலை. ஏரியைப் பாத்துக்கிறவருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, அதே சம்பளக் கணக்கு” என்றார். ஏரி நீரை வயல்களுக்குத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டியாக ஊருக்கு இருந்து, ஏரிப் பாசனம் குறைந்த பிறகு வேலையின்றி இருந்த பெரியவர் ஒருவர் முன்வந்தார். கரையில் எங்கே கசியும் என்பதை மண்ணின் நிறத்திலேயே சொல்லிவிடும் அனுபவம் அவருக்கு உண்டு. இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதியை என்னால் சொல்ல முடியாது.

அவருக்கு நாங்கள் விதித்த முதல் விதி, எந்தக் காரணத்துக்காகவும் யாரும் ஆள்நுழைவுக் குழிக்குள்ளோ முதல் குட்டைக்குள்ளோ இறங்கக் கூடாது என்பது. காற்றுப் புகாத கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு திரளும். அழுகிய முட்டை வாடை அடிக்கும்வரை மூக்கு எச்சரிக்கும். வாயு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும், மனிதர் சுருண்டு விழுவார். மனிதரைக் கொண்டு கழிவு அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அடைப்பு என்றால், நீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்; தெருவில் வழிந்தாலும் காத்திருக்க வேண்டும்.

அன்றாட வேலை பெரிதல்ல, ஆனால் அன்றாடம் நடக்க வேண்டும். குழாய் குட்டையை அடையும் இடத்தில் விரல் தடிப்பு இடைவெளியுள்ள கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. நீண்ட பிடியுள்ள வாரியால் மேலிருந்தபடி அதைக் காலையிலும் மாலையிலும் வார வேண்டும். வருவதெல்லாம் ஷாம்பு பாக்கெட், பான் மசாலா உறை, நாப்கின், கிழிந்த துணி. அவற்றைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுகிறார். பாசிக் குட்டைகளில் சித்திரை, வைகாசி வெயிலுக்கு அடிக் கசடு வாயுவோடு திட்டுத் திட்டாக மேலெழும்பும். அதை நீர் பீய்ச்சியோ துடுப்பால் அடித்தோ உடைத்தால் மீண்டும் அமிழ்ந்துவிடும். முதல் குட்டையில் படியும் ஆடையை மட்டும் கலைக்கக் கூடாது. அது மூடி, வாடையை உள்ளே வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல் ‘சுத்தமாக வைத்துக்கொள்’ என்று மட்டும் சொன்னால், அக்கறையுள்ள ஆள் முதலில் அந்த ஆடையைத்தான் அகற்றுவார்.

பெரியவர் டப்பா மூடி ஒன்றுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அளவு கீறிய மூங்கில் கழியின் நுனியில் ஆணியால் அடித்து வைத்திருக்கிறார். நண்பகலில் அதை நீருக்குள் இறக்குவார். மூடி கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். பக்கத்தில் நிறம், வாடை, காற்று, மழை. ஒரு சாண் ஆழத்தில் மூடி மறைந்து, நீர் இலைப்பச்சையாக இருந்தால் குட்டை நலமாக இருக்கிறது. மூடி ஆழத்திலும் தெரிகிறது, பச்சை வெளுக்கிறது என்றால் பாசியை ஏதோ தின்கிறது அல்லது கொல்கிறது. நீர் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறினால் தாங்க முடியாத சுமை. இளஞ்சிவப்பாக மாறினால், ஆக்சிஜன் அற்றுப்போய்க் கந்தகத்தில் வாழும் ஊதா நிற பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு வருவதற்கு முன்பே, சீர்கேட்டை இந்த நோட்டு சொல்லிவிட்டிருக்கிறது.

அப்படி ஒருமுறை விடிகாலையில் பெரியவரிடமிருந்து போன் வந்தது. “சார், ராத்திரி ஏதோ வண்டி வந்திருக்கு. முதல் குட்டைல நுரை வேற மாதிரி இருக்கு, நீங்க ஒருவாட்டி வந்து பாத்துடுங்க.” செப்டிக் டேங்க் லாரி ஒன்று இரவோடு இரவாக ஊர்க்கோடி மேன்ஹோலில் தன் சரக்கை இறக்கிவிட்டுப் போயிருந்தது. செப்டிக் டேங்க் கசடு வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு வலிமையானது. ஒரே லாரியின் சுமை ஊரின் ஒரு நாள் கழிவுச் சுமைக்கு ஈடாகிவிடலாம். அந்த வாரக் கடைசியில் ஒரு பாசிக் குட்டை பழுப்பாகி, பிறகு இளஞ்சிவப்பாயிற்று. இரண்டாகப் பிரித்து வைத்தது அப்போதுதான் கைகொடுத்தது. கெட்ட குட்டைக்கு வரும் நீரை அடைத்து மற்றதற்குத் திருப்பினோம். ஒரு விவசாயியின் டீசல் என்ஜினை வாடகைக்கு வாங்கி, கடைசிக் குட்டையின் பாசி நிறைந்த நீரைக் கெட்ட குட்டைக்கு இறைத்தோம். சில வாரங்களில் பச்சை திரும்பியது. மேன்ஹோல் மூடிகளுக்குப் பூட்டு வந்தது. லாரிக்காரர்களைத் திட்டி மட்டும் பயனில்லை. அவர்கள் கொண்டுபோய்க் கொட்ட முறையான இடம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதுபோல ஒவ்வொரு சுற்றுவட்டாரத்துக்கும் ஒன்று வந்தாலன்றி இரவு லாரிகள் நிற்கப் போவதில்லை.

சட்டப்படி வரும் சுமையிலும் ஒன்று நாங்கள் எதிர்பாராதது. மனைப்பிரிவின் முகப்பில் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஆவணியிலும் தையிலும் குட்டை மந்தமாகும் நாட்கள் எல்லாம் முகூர்த்த நாட்களுக்கு மறுநாளாக இருந்தன. சாம்பார், ரசம், பாயசம், அப்பளம் பொரித்த எண்ணெய், ஆயிரம் இலைக்குப் பாத்திரம் கழுவிய நீர். எண்ணெய் நீரின் மேல் படலமாகப் படர்ந்து வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. மண்டபத்துக்காரரிடம் நோட்டைக் காட்டிப் பேசிய பிறகு, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் மூன்று அறைத் தொட்டி ஒன்றைச் சமையலறைக்குப் பின்னால் கட்டினார். சண்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை, தேதிகளே பேசின.

இனி மழைக்காலத்தைப் பற்றி. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்தால் 60 சென்ட் நீர்ப்பரப்பின் மேல் மட்டும் 480 கனமீட்டருக்கு மேல் விழும். இது ஊரின் ஆறு நாள் கழிவுநீர். அதோடு, தெருவில் தேங்கிய மழைநீரை வடிப்பதற்கு மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் பழக்கம் நகரத்தில் மட்டுமல்ல, ஊரிலும் உண்டு. மழை நாளில் குழாய் நான்கைந்து மடங்கு கொண்டுவரும். பூட்டு போட்டதில் இந்தத் தொல்லையும் குறைந்தது. மூடி திறக்கக் கூடாது என்றால் தெரு நீர் போக வேறு வழி இருக்க வேண்டும் என்பதால் மழைநீர் வடிகாலையும் தூர்வார வேண்டியதாயிற்று.

புரட்டாசி முழுவதும் கடைசிக் குட்டையின் வெளிவாய்ப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மட்டத்தை அரை மீட்டர் வரை தாழ்த்தி வைக்கிறோம். மழை நிரப்புவதற்கு இடம் வேண்டும் என்பதே காரணம்; ஏரியில் கலங்கல் பலகை வைப்பதும் எடுப்பதும் தெரிந்த பெரியவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எந்தக் குட்டையையும் முழுக்கக் காலி செய்யக் கூடாது. கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு அருகே ஏறிவிடும். உள்ளே எடை இல்லாவிட்டால் அது கீழிருந்து களிமண் போர்வையைத் தூக்கிப் பிளந்துவிடும். கோடையில் காலி செய்தால் களிமண் காய்ந்து வெடிக்கும். மேகமூட்டம் தொடர்ந்தால் பாசி சோரும், நீர் சாம்பல் பூக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் தேறிவிடும், அஞ்ச வேண்டியதில்லை.

கோடையில் இதற்கு நேர்மாறு. மே மாத வெயிலில் நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியானால் 17 கனமீட்டர் போய்விடும். வரும் 80-இல் ஐந்தில் ஒரு பங்கு. மிஞ்சும் நீரில் உப்பு ஏறும். வெளியேறும் நீரை நாங்கள் சவுக்குத் தோப்புக்கும் கோ-4 தீவனப் புல்லுக்கும் விடுகிறோம். சவுக்கு உப்பைத் தாங்கும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விடுவதில்லை என்பது ஊராட்சித் தீர்மானம். பாசிக் குட்டையின் வெயிலும் காரத்தன்மையும் கிருமிகளை வெகுவாகக் கொல்லும். குடற்புழு முட்டைகள் அடியில் படிந்துவிடும். ஆனாலும் கீரை விற்கிறவர் வாங்குகிறவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தீர்மானத்தில் எழுதாத ஒன்றும் நடந்தது. கடைசிக் குட்டையில் எங்கிருந்தோ ஜிலேபி மீன் வந்து பெருகிவிட, பையன்கள் தூண்டில் போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலி, பலகை, பெரியவரின் வசவு மூன்றும் சேர்ந்துதான் அதை நிறுத்தின.

மாதிரி எடுப்பது பற்றி ஒரு சொல். விதிப்படி வெளியேறும் நீரின் காரக்குறி (pH) 6.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். நலமான பாசிக் குட்டையில் நண்பகலில் அது 9-ஐத் தாண்டும், விடியலில் இறங்கிவிடும். ஒரு வேளை நீரை மட்டும் எடுத்துப்போனால் எதிலும் உண்மை இருக்காது. காலை, மதியம், மாலை என எடுத்துக் கலந்து, நேரத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். பி.ஓ.டி.யை வடிகட்டாத நீரிலும் வடிகட்டிய நீரிலும் தனித்தனியே பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் இருட்டுப் பாட்டிலில் பாசி தானே ஆக்சிஜனைக் குடித்து, கழிவு மிஞ்சியிருப்பதுபோல் கணக்குக் காட்டும். நம் நாட்டில் இந்தச் சோதனை 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் நடக்கிறது. வியாழக்கிழமை கொடுத்தால் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும். திங்களன்று காலையில், ஐஸ் பெட்டியில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்கு முன் கிளம்பிவிடுவது உத்தமம்.

கசடு எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டால் ‘சில ஆண்டுகளுக்கு ஒருமுறை’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் குட்டையில் ஆளுக்கு ஆண்டுக்கு 0.04 கனமீட்டர் கசடு சேரும். ஆயிரம் பேருக்கு 40. குட்டையின் கொள்ளளவு 160. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும் என்பது பொது விதி. அதாவது ஏறத்தாழ பதினாறு மாதம். நாங்கள் ஆண்டுதோறும் மாசியில் எடுத்துவிடுகிறோம். கசடுப் பம்பைக் கரையிலிருந்தே இறக்கி உறிஞ்சி மணற்படுகையில் காய வைத்தால் பங்குனி வெயிலுக்குள் மண்வெட்டியால் வெட்டும் அளவுக்கு இறுகிவிடும். காய்ந்த கசடிலும் புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால், ஓராண்டு குவித்து வைத்த பிறகே சவுக்குக்குப் போடுகிறோம். பாசிக் குட்டைகளின் அடியைப் பத்தாண்டுக்கு மேல் தொட வேண்டியிருக்காது.

இப்போது ஊருக்கு முன் இருக்கும் கேள்வி வேறு. பக்கத்தில் இன்னொரு மனைப்பிரிவு வருகிறது. நானூறு பேர் குடியேறுவார்கள் என்று அதன் உரிமையாளரே சொல்கிறார். குட்டையில் இடம் நிறைய இருக்கிறதே, நீர் தெளிவாகத்தானே வருகிறது, இணைப்புக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார். நானூறு பேருக்கு 18 கிலோ, 300-க்கு வகுத்தால் 600 சதுர மீட்டர், 15 சென்ட். முதல் குட்டை நிற்கும் நாளுக்கென்று வைத்த இருப்பை அவருக்குக் கொடுத்துவிட்டால், மாசியில் கசடு எடுக்கும்போது ஊர் முழுவதும் வாடை அடிக்கும். சென்னைப் புறநகரில் 15 சென்ட் என்றால் சில மனைகளாகப் பிரித்து விற்கலாம் என்பதால் அவருக்கு அது கசக்கிறது. தலைவரம்மா கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்: குட்டைக்கு ஒட்டினாற்போல் 15 சென்ட் ஊராட்சியின் பெயரில் பத்திரம் பதிவாகி, அதில் குட்டை வெட்டிப் பச்சை பிடித்த பிறகே இணைப்பு. பத்திரம் இன்னும் பதிவாகவில்லை; இணைப்பும் கொடுக்கப்படவில்லை.